அண்ணாமலைநகரில் படிக்க வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் அட்மிஷன் முடிகிற நேரத்தில் என் போன் ஓயாது. சொந்தக்காரர் பிள்ளை, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பிள்ளை என்று யாராவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பார்கள். ரூம் எங்கே பார்ப்பது, சாப்பாடு எப்படி, புயல் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இங்கே படித்து, இதே ஊரில் குடும்பத்தோடு தங்கிவிட்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மாணவர்கள் கேட்பதும் பெற்றோர்கள் கேட்பதும் கலந்தே வரும்.

சிதம்பரமும் அண்ணாமலைநகரும் ஒரே ஊரா?

ஒட்டியிருக்கும் இரண்டு ஊர்கள். நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. பாதைக்கு மேற்கே நடராஜர் கோயில், அதைச் சுற்றி நாலு வீதி, கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட். கிழக்கே பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி வளர்ந்த அண்ணாமலைநகரும். அண்ணாமலைநகர் தனிப் பேரூராட்சி. பல்கலைக்கழகம் 1920இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929இல் பல்கலைக்கழகமாகி, 2013இல் அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. ரயில் நிலையம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பதால், பெட்டி கனமாக இல்லையென்றால் இறங்கி எந்தப் பக்கமும் நடந்தே போய்விடலாம்.

சின்ன ஊர். இரண்டு மாதத்தில் டீக்கடைக்காரரும் ஜெராக்ஸ் கடை அக்காவும் உங்கள் முகத்தைத் தெரிந்துகொள்வார்கள். அது பெரிய பாதுகாப்பு.

முதல் வருடம் ஹாஸ்டலா, வெளியே ரூமா?

இடம் கிடைத்தால் ஹாஸ்டல்தான். செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இந்த ஊரில் ஒரு மழைக்காலத்தைப் பார்க்காமல் வீடு எடுக்கக்கூடாது என்பது. ஆடி மாதம் பார்க்கும்போது அழகாக இருக்கும் தெரு ஐப்பசியில் எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும். ஹாஸ்டலில் ஒரு வருடம் இருந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த வீட்டுக்காரர் மாணவர்களிடம் நியாயமாக நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் சீனியர்கள் வாயாலேயே வந்துவிடும். அப்புறம் நல்ல சகவாசம் பார்த்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வெளியே வரலாம்.

வெளியேதான் தங்க வேண்டும் என்றால் எந்தப் பக்கம் பார்ப்பது?

அண்ணாமலைநகரிலேயே திருவேட்களம், மாரியப்பா நகர், முத்தையா நகர் பக்கம் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. வகுப்புக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம், சுற்றியிருப்பவர்களும் மாணவர்கள். ஆனால் ஆறு மணிக்கு மேல் பேசுவதற்கு வேறு ஆட்கள் கிடையாது; விடுமுறை விட்டால் தெருவே காலியாகிவிடும். ஆராய்ச்சி மாணவர்கள், லீவுக்கும் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருப்பவர்கள் ரயில் பாதைக்கு மேற்கே, ஊருக்குள் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். தெருவில் குடும்பங்கள் இருக்கும், காய்கறி மார்க்கெட் பக்கம், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் கவலையில்லை.

நாலு வீதியில் வாடகை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் தேர் அந்த வீதிகளில்தான் வரும். அன்றைக்கு வண்டி உள்ளே வராது. பரீட்சை இருந்தால் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். உங்களைப் பார்க்க அப்பா அம்மா அந்த வாரம் வருவதாக இருந்தால் லாட்ஜை ரொம்ப முன்னாடியே பேசி வையுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரை. பெயிண்ட், டைல்ஸ், ஃபேன் எல்லாம் அப்புறம்.

கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே போர் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு தெருவில் குடிக்கிற மாதிரி இருக்கும், பக்கத்துத் தெருவில் வாயில் வைக்க முடியாது. பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன சோப்புத் துண்டை எடுத்துப் போங்கள். பாத்ரூம் குழாயைத் திறந்து கையில் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல், தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகப் பிசுபிசுத்தால் அது கடினத் தண்ணீர். வாளியின் உள்விளிம்பையும் பாருங்கள். வெள்ளைப் படிவம் வட்டம் கட்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் துணி சீக்கிரம் நிறம் மங்கும், ஹீட்டர் காயில் அடிக்கடி போகும், பருப்பு வேகாது. அதனாலேயே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரூராட்சிக் குழாய் தனியாக வருகிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். குடிக்க இருபது லிட்டர் கேன் வாங்குவதுதான் இங்கே பெரும்பாலான ரூம்களில் வழக்கம்.

அடுத்தது மழைத் தண்ணீர். கீழ்த்தளம் என்றால் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், ஏன் என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட அது நல்லது. பிளக் பாயிண்ட் தரையை ஒட்டி இருந்தால் யோசியுங்கள். வாசல் தெருவைவிட உயரமா, பள்ளமா என்பதையும் பாருங்கள். ரோடு போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. முடிந்தால் மாடி.

மூன்றாவது கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழ்நாடு முழுக்க உள்ளது. ஆனால் ஒரே இணைப்பில் நாலு ரூமைப் பிரித்து சப்-மீட்டர் வைத்திருந்தால் உங்களுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்குத்தான். அந்தத் தொகை என்ன என்று முதல் நாளே கேட்டு, சப்-மீட்டரில் அன்றைக்கு இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? எழுத்தில் வாங்க வேண்டுமா?

கட்டாயம் எழுத்தில். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சின்ன ஊரில் பலரும் வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். "சார், அப்பா கேட்கிறார், ஒரு பேப்பரில் எழுதிடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அட்வான்ஸைக் கையில் பணமாகக் கொடுக்காமல் பேங்க் வழியாக அனுப்புங்கள்.

வீட்டுக்காரர் என்ன சாதி என்று கேட்கிறார். என்ன செய்வது?

நேராகவும் கேட்பார்கள், "எந்த ஊர், எந்தத் தெரு, அசைவம் சாப்பிடுவீங்களா" என்று சுற்றியும் கேட்பார்கள். படிக்க வந்த பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது தப்பு. அதைப் பழக்கம் என்று யாரும் நியாயப்படுத்தக்கூடாது. பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கேட்காத வீடுகளும் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன, துறையில் சீனியர்களிடம் கேட்டால் அவர்களே கொண்டுபோய் விடுவார்கள். அப்படிக் கேட்ட வீட்டைப் பற்றி அடுத்து வரும் ஜூனியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

அண்ணாமலைநகரில் மாதக் கணக்கு வைக்கும் மெஸ்கள் உண்டு. முழு மாதத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு வாரம் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் உண்டா, ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். பெரும்பாலான சண்டை இந்த இரண்டில்தான் வரும்.

அதோடு, மெஸ் சாப்பாட்டிலேயே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டு சிதம்பரம் கொத்சு தெரியாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. காலையில் ரயில் பாதையைத் தாண்டி ஊருக்குள் போய், நாலு வீதிப் பக்கம் இருக்கும் பழைய ஹோட்டல் எதிலாவது இட்லி கொத்சு கேளுங்கள். கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளி விட்டு, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய் சேர்த்துக் கொதிக்க வைத்திருப்பார்கள். சாம்பாரைவிடக் கெட்டி, துவையலைவிடத் தளர்வு. இலையில் ஊற்றினால் ஓடாது, இட்லியைச் சுற்றி நின்று மேலே நல்லெண்ணெய் மினுக்கும். மிளகும் சீரகமும் போட்ட சம்பா சாதத்துக்கும் அதுதான் ஜோடி.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. பரங்கிப்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் மீன், நண்டு, இறால் எல்லாம் புதுசாக வரும்.

ரூமில் சமைக்கலாமா?

இரண்டு மூன்று பேர் இருந்தால் கட்டாயம் சமைக்கலாம். செலவு நன்றாகக் குறையும். அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும் 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 1500 வாட்டில் நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். சப்-மீட்டர் வீட்டில் அது கேஸைவிடக் கூடுதலாகவும் போகலாம். அரிசியை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நெல் விளையும் பூமிக்கு வருகிறீர்கள்.

வண்டி வேண்டுமா?

வேண்டாம். மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். மற்றதெல்லாம் தட்டையான டெல்டா மண். பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு வருடமும் படிப்பை முடித்துப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள், ஏப்ரல், மே மாதத்தில் விசாரித்தால் கிடைக்கும். பரந்த வளாகத்தில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு வெயிலில் நடப்பது சாதாரண விஷயமில்லை.

டவுன் பஸ்ஸும் உண்டு. அரசின் சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ராத்திரி மேம்பாலத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம், புயல் என்றால் பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வியும்கூட. இங்கே முக்கிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. இந்த மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சரிந்து, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெரிய வெள்ளம். ஆகவே இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே சமயம் பயந்து நடுங்கவும் தேவையில்லை. ஊருக்கு இது பழக்கம்.

வெள்ளம் இரண்டு வழியில் வரும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இங்கேயே பெய்யும் மழை வடியாமல் தேங்குவது. கடல் பக்கம், மண் தட்டை, மெதுவாகத்தான் வடியும். இன்னொன்று, மேட்டூர் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடம் வழியாக வந்து சேருவது. கொள்ளிடம் நமக்குத் தெற்கே ஓடிக் கடலில் கலக்கிறது. அந்தச் சமயத்தில் இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடும். வெயில் அடிக்கிறதே என்று குளிக்க இறங்காதீர்கள். செல்பி எடுக்கவும் படித்துறைக்குப் போகாதீர்கள். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியது: போன், பவர் பேங்க் எல்லாவற்றையும் முழுசாகச் சார்ஜ் போடுங்கள். இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வையுங்கள், ஏனென்றால் கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, டேங்க் காலியானால் குளிக்கவும் தண்ணீர் இருக்காது. ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், டார்ச். ஏ.டி.எம். வேலை செய்யாமல் போகலாம், கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும். சான்றிதழ்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். இன்னும் நல்லது, ஒரிஜினலை வீட்டிலேயே விட்டுவிட்டு டிஜிலாக்கரில் வைத்துக்கொள்வது. லீவு அறிவிப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பிலும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலும் மட்டும் நம்புங்கள், வாட்ஸ்அப் பார்வேர்டை நம்பாதீர்கள்.

கொசு, பூச்சி?

கொசு உண்டு. முதல் நாளே கொசுவலை வாங்கிவிடுங்கள். மழைக்கால நெற்பயிர் இருக்கும் சமயத்தில் சாயங்காலம் வயல்பூச்சிகள் டியூப்லைட்டைத் தேடி அறைக்குள் கூட்டமாக வரும். பொழுது சாயும் முன் ஜன்னலைச் சாத்தி, விளக்கைக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் போதும்.

உதவித்தொகை எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு: மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இவை தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைகள் இருக்கின்றன. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் சொந்த ஊர் இ-சேவை மையத்தில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். இங்கே வந்த பிறகு அலைந்தால் இரண்டு லீவு போகும். பேங்க் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பணம் வராமல் நிற்பதற்கு அடிக்கடி அதுதான் காரணம்.

ராகிங் இருக்கிறதா?

1996இல் இதே அண்ணாமலைநகரில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 வந்தது. அதனால் இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் யாரும் விளையாட்டாகப் பதில் சொல்லக்கூடாது. யாராவது பாடச் சொல்கிறார்கள், ராத்திரி அறைக்கு வரச் சொல்கிறார்கள், எழுதித் தரச் சொல்கிறார்கள் என்றால், சின்ன விஷயம்தானே என்று பொறுத்துப் போக வேண்டாம். வார்டனிடமும் துறைத் தலைவரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். நாடு முழுவதற்குமான இலவச உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பெற்றோர்களே, முதல் மாதம் பிள்ளை போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ரூம்மேட் பேர் என்ன, ராத்திரி யாரோடு சாப்பிட்டாய் என்று பேச்சுக் கொடுத்துக் கேளுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால்?

அண்ணாமலைநகரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, முன்பு ராஜா முத்தையா என்ற பேரில் இருந்தது, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. மழைக்காலத்தில் மூன்று நாளைத் தாண்டிக் காய்ச்சல் நீடித்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவசரத்துக்கு 108.

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு எப்படிப் போவது?

விழுப்புரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் பழைய மெயின் லைனில் நம் ஸ்டேஷன் இருக்கிறது. பகலில் சோழன், ராத்திரியில் உழவன் இரண்டும் சென்னைக்குப் பழக்கமான வண்டிகள். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, பண்டிகை டிக்கெட் அன்றைக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சொந்த ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ரயில்வே கட்டணச் சலுகை உண்டு. படிக்கும் இடத்தில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆன்லைனில் கிடைக்காது. கூட்டம் தொடங்கும் முன் படிவத்தை வாங்கி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

படகில் சுற்றிப் பார்க்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு பக்கத்தில்தான் இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. 2004 சுனாமியில் அந்தச் சுரபுன்னைக் காடு பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் இடத்தில் நம் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த ஊரும் அதுதான். சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், பூம்புகார், தரங்கம்பாடி எல்லாம் பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம். ஒரு நாள் முழுசாகக் கிடைத்தால் கங்கைகொண்ட சோழபுரம்.

எங்கேயும் போகப் பிடிக்கவில்லை என்றால் திருவேட்களம் கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள், வளாகத்தை ஒட்டித்தான் இருக்கிறது, தேவாரப் பாடல் பெற்ற தலம். நடராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் நடை மத்தியானம் சாத்தி சாயங்காலம்தான் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

புராஜெக்ட், தீசிஸ் பைண்டிங்?

அண்ணாமலைநகரில் டைப்பிங், பைண்டிங் கடைகளுக்குக் குறைவில்லை. கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். எல்லாருக்கும் அதே கடைசித் தேதிதான்.

ரூமைக் காலி செய்யும்போது?

ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. கரண்ட் கணக்கை முடித்து, சப்-மீட்டர் எண்ணை மறுபடியும் போட்டோ எடுங்கள். வந்த அன்றைக்குச் சுவர், கதவு, பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருந்தால் பெயிண்ட் காசு, ரிப்பேர் காசு என்று அட்வான்ஸில் பிடிக்க வரும்போது காட்டலாம். சாவியைக் கொடுப்பதும் அட்வான்ஸ் வாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சைக்கிளையும் கொசுவலையையும் தூக்கிப் போடாமல் ஜூனியர் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போங்கள்.